தடைக்காலத்து விருந்தாளிகளும் காவிரிப் படகும்

வியாழன் இரவு, சேலம்

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் தமிழ்நாட்டின் கிழக்குக் கரை முழுக்க விசைப்படகுகள் துறைமுகத்தில் வரிசை கட்டி நின்றுவிடும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று ஜூன் 14 வரை 61 நாள் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, அப்புறம் கூட்டிவிட்டார்கள். நாட்டுப்படகுக்காரர்கள் கரையோரமாகப் போய் வரலாம். விசைப்படகுக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. வலை சரிபார்ப்பது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று இரண்டு மாதம் ஓடும். உறவுக்காரர் வீடுகளுக்குப் போய் வருவதும் இந்த இடைவெளியில்தான்.

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் என் பாலிடெக்னிக் காலத்து நண்பன் ஒரு விசைப்படகில் பங்குதாரன். படகை ஓட்டுவதும் அவனே. மற்ற மாதங்களில் அவனைப் பிடிப்பது கஷ்டம். போன் போட்டால், "கடலுக்குப் போயிருக்காங்கண்ணே, வந்தா சொல்றேன்" என்று வீட்டில் இருந்து பதில் வரும். தடைக்காலத்தில்தான் ஆள் அகப்படுவான். படகைக் கரையேற்றிப் பெயின்ட் வேலைக்கு விட்டுவிட்டு, மனைவி, மகள், அப்பா என எல்லோரையும் கூட்டிக்கொண்டு இன்று சாயங்காலம் வந்து இறங்கினான்.

பெரியவர் கட்டுமரத்தில் தொடங்கி விசைப்படகு வரை பார்த்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன தம்பி, உங்க ஊர்ல காத்தே கிடையாதா?" மே மாதத்துச் சேலத்தில் அதற்கு என்ன பதில் சொல்வது? நாலு பக்கமும் மலை. பகலெல்லாம் காய்ந்த தெரு, ராத்திரி பத்து மணிக்கும் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது.

எங்கே போகலாம் என்று பேச்சு வந்தது. "மலை காட்டு மாப்ள" என்றான் நண்பன். "தண்ணி மட்டும் வேணாண்ணே, அது எங்க வாசல்லயே கிடக்கு" என்றது நண்பனின் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை. ஐந்தாவது முடித்திருக்கும் மகள் மட்டும், "போட்ல போகணும் மாமா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பா போட்ல பொம்பளப் புள்ளைங்கள ஏத்த மாட்டாங்க. துறைமுகத்துல கட்டி இருக்கும்போது ஒரு தடவ ஏறிப் பாத்தேன். போனதே இல்ல."

நண்பன் செல்போனைப் பார்த்தான். பெரியவர் மின்விசிறியைப் பார்த்தார். அங்கேயே திட்டம் மாறிவிட்டது. மலையும் உண்டு, படகும் உண்டு. சேலத்தில் படகா என்று தங்கச்சி கேட்டது. கடலுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கும் மாவட்டம்தான், ஆனால் அதன் மேற்கு ஓரம் காவிரி. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அக்கரைக்குப் போகப் பஸ்ஸை விடப் படகைத்தான் நம்புகிறார்கள்.

ராத்திரிக்கு ஆளுக்கு ஒரு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி. மூன்றாவது செட்டில் பெரியவர் சேலத்துக்குக் காற்று இல்லாததை மன்னித்துவிட்டார்.

வெள்ளி, ஏற்காடு

அடிவாரத்தில் இருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். சின்னவள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழாவது வளைவுக்குள் பெரியவர் கண்ணை மூடி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். புயலில் மாட்டிய கதைகளை முந்தின இரவு வரிசையாகச் சொன்ன மனிதர்! காரை நிறுத்தி எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தோம். முகர்ந்துகொண்டே சொன்னார்: "கடல்ல அலை எங்க வருதுன்னு கண்ணுக்குத் தெரியும், உடம்பு முன்னாடியே சாய்ஞ்சுக்கும். இவன் எப்ப திருப்புவான்னு எப்படித் தெரியும்?" இவன் என்றது என்னை.

மேலே போனதும் தெளிந்துவிட்டார். கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். கீழே வியர்த்துக்கொண்டு ஏறிய சட்டை மேலே சில்லென்று முதுகில் ஒட்டியது. சேலத்தில் 1820களில் கலெக்டராக இருந்த டேவிட் காக்பர்ன் கொண்டுவந்து நட்டதில் தொடங்கியது இங்கே காபி. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடி, அந்த மரங்களிலேயே ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் காபி பூக்கும். பூ சில நாள்தான் நிற்கும். நாங்கள் போனபோது பூ முடிந்து, கணுவுக்குக் கணு மிளகு அளவில் பச்சைக் காய்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. தங்கச்சி ஒன்றைக் கிள்ளிக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது.

ஏற்காடு ஏரியில் சீசன் கூட்டம். டிக்கெட் எடுக்கும்போது வெயில் பளீரென்று அடித்தது. எங்கள் முறை வருவதற்குள் மலைச்சரிவில் இருந்து மேகம் இறங்கி எதிர்க்கரையை அழித்துவிட்டது. முதலில் யூகலிப்டஸ் மரங்கள் போயின, அப்புறம் மான் பூங்கா பக்கம், அப்புறம் தண்ணீரில் இருந்த படகுகளே. விசில் ஊதி எல்லாப் படகுகளையும் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் காத்திருந்தோம். திரும்பவும் வெயில். திரும்பவும் விசில், இந்த முறை ஏறச்சொல்லி.

மிதிபடகு. பெரியவர் லைஃப் ஜாக்கெட் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பேத்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, கொண்டா" என்று வாங்கி மாட்டிக்கொண்டார். இரண்டு சுற்று மிதித்துவிட்டுக் கரையேறியதும் அவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இது சைக்கிள் மாமா."

நியாயமான பேச்சு. அவள் கேட்டது போட்.

கிள்ளியூர் அருவிக்குப் போகவில்லை. இந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது, மே மாதத்தில் பாறையைத்தான் பார்க்க வேண்டும். லேடீஸ் சீட்டுக்குப் போனோம். கீழே சேலம் நகரம் தூசுக்குள் கிடந்தது. மேற்கே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், வெள்ளித் தகடு போல் ஒரு மினுக்கம். "அது மேட்டூர் அணை, நாளைக்கு அங்கதான்" என்றேன். பெரியவர் கையைப் புருவத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "அங்க சாயங்காலம் இடி இருக்கும்" என்றார். வானத்தில் அப்போது ஒன்றுமே இல்லை. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "காத்து இல்லாம இவ்வளவு வேகுதே, சும்மா விடுமா?" என்றார்.

சனி, பூலாம்பட்டி

விடியும் முன்பே கிளம்பினோம். மகுடஞ்சாவடி வழியாக எடப்பாடி. ஊருக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம் ஆரம்பித்திருந்தது. எடப்பாடி தாண்டி மேற்கே போகப் போக நிறம் மாறுகிறது. காய்ந்த காடு முடிந்து கரும்பு, வாழை, தென்னை. தென்னைக்கு நடுவில் திடீரென்று தண்ணீர்.

பூலாம்பட்டியை இங்கே எல்லோரும் 'குட்டி கேரளா' என்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. காவிரி கரையோரம் தென்னை வளர்வதற்குக் கேரளத்தின் சிபாரிசு எதற்கு? சினிமா படப்பிடிப்புக்காரர்கள் வந்து வந்து பரப்பிய பெயராக இருக்கும். இடம் அழகு என்பதில் மட்டும் சண்டை இல்லை. ஆறு இங்கே அகலமாக, ஓட்டமே தெரியாமல் நிற்கிறது. எதிர்க்கரை ஈரோடு மாவட்டம், நெரிஞ்சிப்பேட்டை. அதற்குப் பின்னால் சுவர் மாதிரி பாலமலை.

கோடையில் ஆற்றில் இவ்வளவு தண்ணீர் எப்படி என்று நண்பன் கேட்டான். மேட்டூருக்குக் கீழே ஆற்றை மறித்துக் கதவணைகள் இருக்கின்றன. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று ஒன்றன்பின் ஒன்று, ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் நீர்மின் நிலையம். மேட்டூரில் குடிநீருக்கு மட்டும் கொஞ்சம் திறந்துவிட்டாலும் போதும், கதவணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும். கதவைத் தூக்கிவிட்டாலோ, அணை நிரம்பி உபரி நீர் வந்தாலோ படகு ஓடாது. அப்போது எதிரே தெரிகிற கரைக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஏழு மணிப் படகில் ஏறினோம். சுற்றுலா வந்தவர்கள் நாங்கள் மட்டுமே. மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். நாலைந்து மோட்டார் சைக்கிள், இரண்டு பால் கேன், வெற்றிலைக் கட்டு, மடியில் கோழியை வைத்துக்கொண்டு ஒரு அம்மா. பைக்குகளை ஏற்றுவதைச் சின்னவள் வாயைத் திறந்து பார்த்தாள். கரையில் இருந்து பலகை மேல் ஒரு தள்ளு, உள்ளே இருப்பவர் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒரு திருப்பு, அவ்வளவுதான். ஒருவர் வண்டியை விட்டு இறங்காமலே செல்போன் பார்த்துக்கொண்டு அக்கரை போனார்.

நண்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இன்ஜின் பக்கம் போய் எட்டிப் பார்த்தான், காதைக் கொடுத்துக் கேட்டான். படகுக்காரர் கவனித்துவிட்டார்.

"ஏனுங்க, எந்தூருங்க?"

"நாகப்பட்டினம்."

"அட, கடல்காரங்களா! அப்பறம் எதுக்குங்க எங்க படகப் பாத்துட்டு? இது உங்களுக்கு வாய்க்காலுங்க."

"வாய்க்கால் இல்லண்ணே. ஆழம் எவ்வளவு?" என்று கேட்டு இருவரும் பேச ஆரம்பித்தார்கள். எங்கே பாறை, எங்கே மணல் திட்டு, டீசல் எவ்வளவு குடிக்கிறது. அக்கரை வந்து எல்லோரும் இறங்கிப் போயும் பேச்சு முடியவில்லை. அதே படகில் திரும்பினோம். திரும்பும்போது மாவட்ட எல்லை எங்கே வருகிறது என்று சின்னவள் கேட்டாள். "நடு ஆத்துல சாமி" என்றார் படகுக்காரர். அவள் படகின் ஓரத்தில் கையைத் தொங்கப் போட்டுத் தண்ணீரைக் கீறிக்கொண்டே வந்து, நடுவில் வந்ததும் "இப்ப சேலம்" என்று அறிவித்தாள். இது சைக்கிளா என்று கேட்டேன். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை.

எட்டரைக்கு மேகம் மூடியது. தண்ணீரின் பச்சை சாம்பல் நிறமாகிவிட்டது. ஒன்பதுக்குப் பொடித் தூறல், பத்து நிமிஷம். அப்புறம் வானம் விட்டுவிட்டது, வெயில் முன்னைவிட உறைத்தது. இந்தச் சின்ன நாடகத்தின் நடுவில்தான் பெரியவர் பரிசலைப் பார்த்தார்.

கரையோரம் கவிழ்த்து வைத்திருந்தது. மூங்கில் பின்னல், மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசியது. ஒரு மீனவர் அதைப் புரட்டித் தண்ணீரில் போட்டதும் பெரியவர் அருகில் போய்ச் சுற்றி வந்தார்.

"இதுக்கு அணியம் எது தம்பி?"

பரிசல்காரர் என்னைப் பார்த்தார். "முன்பக்கம் எதுன்னு கேக்கறார்" என்றேன்.

"நீங்க எந்தப் பக்கம் பாத்து உக்காருறீங்களோ அதுதானுங்க."

பெரியவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏறி உட்கார்ந்துகொண்டார். பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பை முன்னால் குத்தித் தன் பக்கம் இழுத்தார். இடதும் வலதுமாக மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி இழுக்க, வட்டமான அந்தச் சாமான் நேர்கோட்டில் போனது. கொஞ்ச தூரம் போய்ப் பெரியவர் துடுப்பைக் கேட்டு வாங்கினார். அவர் கையில் வந்ததும் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. கரையில் நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெரியவர் விடவில்லை. நாலைந்து சுற்றுக்குப் பின் வீச்சைக் குறைத்து, துடுப்பை உடம்புக்கு நெருக்கி வைத்து, ஒரு மாதிரியாகக் கரை சேர்த்துவிட்டார். பரிசல்காரர் சும்மா இருக்கவில்லை: "ஐயா ரெண்டு நாள் இருந்தா வலையே குடுத்துடுவேனுங்க."

காலைச் சாப்பாடு என்று பெயருக்கு இட்லி. உண்மையான சாப்பாடு பதினொரு மணிக்கு மீன் கடையில். ஜிலேபி முழுசாக, கட்லா துண்டாக, மிளகாய் பூசித் தட்டில் அடுக்கியிருந்தார்கள். தங்கச்சி பொரித்ததைப் பார்க்கவில்லை. பொரிக்காத மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தது, வயிற்றை அழுத்திப் பார்த்தது. "காலைல புடிச்சதுதான், எடுக்கலாம்" என்று தீர்ப்பு வந்த பிறகே எல்லோரும் உட்கார்ந்தோம். கடல் மீன் தின்று வளர்ந்தவர்களுக்கு ஆற்று மீனில் சேற்று வாடை தெரியும். இவர்களும் அதைச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே மூன்று ஜிலேபியை முள்ளாக்கினார்கள். தங்கச்சிக்கு மட்டும் மசாலாவில் குறை: "புளி கொஞ்சம் சேத்துப் பெரட்டி இருந்தா அந்த வாட போயிருக்கும்ணே." கடைக்காரம்மா காதில் விழுந்திருக்கும். அடுத்த தட்டில் எலுமிச்சம்பழம் இரண்டு துண்டு அதிகமாக வந்தது.

மத்தியானம் வெயில் ஆளைக் கொன்றது. படித்துறையில் இறங்கினோம். பெரியவர் மார்பளவு தண்ணீரில் நின்று மல்லாந்து மிதக்கப் பார்த்தார், கால் கீழே போனது. திரும்பவும் பார்த்தார், திரும்பவும் போனது. "என்னடா இது, ஆளைத் தாங்க மாட்டேங்குது?" கடல்தண்ணீர் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,025 கிலோ இருக்கும், இது 1,000 கிலோ. உப்பு தூக்கிவிடுகிற அந்த இரண்டரை சதவீதம் இங்கே இல்லை. "நம்ம போட்ட இங்க கொண்டாந்து விட்டா ஒரு விரல் கூட அமுங்கும்" என்று நண்பன் கணக்குப் போட்டான். பெரியவர் அதைக் காதில் வாங்காமல் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தார்.

"போட்டு கெளம்பறதுக்கு முன்னாடி தண்ணி ட்ரம் ஏத்தினாங்களான்னுதான் மொதல்ல பாப்பேன். இங்க போட்டே குடிதண்ணி மேல ஓடுது."

சனி மாலை, பண்ணவாடி

மேட்டூர் அணையைக் கரைச் சாலையில் இருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகக் கொளத்தூர் பக்கம் வண்டியை விட்டேன். அணையின் நீர்த்தேக்கத்துக்கு மேற்குக் கரையில் இருக்கிறது பண்ணவாடி பரிசல்துறை. பெயர்தான் பரிசல்துறை, இப்போது ஓடுவது விசைப்படகு. எதிரே தர்மபுரி மாவட்டம், நாகமரை. நடுவில் பாலம் கிடையாது. சாலை வழி போவதென்றால் அணையைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூரம்.

மூன்றரை மணி. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. காலையில் பார்த்தது ஆறு, இது வேறு ரகம். எதிர்க்கரை மெல்லிசாக ஒரு கோடு. தங்கச்சி முதல் தடவையாக, "இது கொஞ்சம் நம்ம ஊர் மாதிரி இருக்குண்ணே" என்றது. பெரியவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று எங்களுக்குப் பின்னால் பாலமலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்கு மேலே ஒரே ஒரு மேகம். அடி கறுத்து, உச்சி வெளுத்து, காலிஃபிளவர் கணக்காக ஊதிக்கொண்டே போனது.

"போயிட்டு உடனே திரும்பிடலாமா?" என்று படகுக்காரரிடம் கேட்டார்.

"அக்கரை போயிடலாமுங்க. திரும்பறது அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் அவரும் மலையைப் பார்த்துக்கொண்டே. இருவருக்கும் ஒரே எண்ணம்தான் என்று தோன்றியது.

பாதி வழியில் படகுக்காரர் கையை நீட்டிக் காட்டினார். அந்த இடத்தில் அடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் பழைய தேவாலயத்தின் கோபுரம். 1925இல் அணை வேலை ஆரம்பித்து 1934இல் முடித்தார்கள். அப்போது மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அந்தத் தண்ணீருக்கு இடம் கொடுத்து ஊர்கள் உள்ளே போயின. கோடையில் மட்டம் எண்பது அடிக்குக் கீழே இறங்கும் வருஷங்களில் முதலில் கோபுரம் தலையைக் காட்டும். இன்னும் இறங்கினால் நந்தி. அப்போது டிவிக்காரர்கள் வருவார்கள், படகு எடுத்து மக்கள் போய் நந்திக்கு மாலை போடுவார்கள். இந்த முறை தண்ணீர் நிறைய. ஒன்றும் தெரியவில்லை.

பெரியவர் படகின் ஓரத்தில் குனிந்து பார்த்தார்.

"ஊரு ஜனங்க?"

"அவங்கள்ல்லாம் கட்டறப்பவே வெளியேத்திட்டாங்களுங்க. எங்க தாத்தா காலத்துல."

"தண்ணி வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாங்கள்ல?"

"ஆமாங்க."

"அப்ப சரி" என்றார். அக்கரைப்பேட்டைக்காரர் ஒருவர் அதை ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று படகுக்காரருக்கு யாரும் விளக்கவில்லை. நண்பன் மகளைத் தன் பக்கம் இழுத்து உட்கார வைத்துக்கொண்டான். 2004 டிசம்பரில் அவள் பிறக்கவே இல்லை.

நாகமரைக் கரையில் கால் வைத்து டீக்கடைக்குள் நுழைவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. காற்று நின்று, இலைகூட ஆடவில்லை. "பாரு" என்று பெரியவர் மேற்கே காட்டினார். நீர்ப்பரப்பில் அந்தக் கோடியில் ஒரு கறுத்த கோடு. அதற்கு இந்தப் பக்கம் தண்ணீர் வழவழப்பாக இருந்தது, அந்தப் பக்கம் கரும்புள்ளியாகக் கொந்தளித்தது. கோடு எங்களை நோக்கி வந்தது. மேகத்துக்குள் மழையால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதி, மழையை முந்திக்கொண்டு நாலா பக்கமும் ஓடி வரும். கோடை இடிமழையின் முதல் அடி இந்தக் காற்றுதான், பரிசல் கவிழ்வதும் பெரும்பாலும் இதில்தான். கோடு கரையைத் தொட்டதும் டீக்கடையின் தகரம் தடதடவென்று எழும்பியது. கல்லாவில் இருந்த காலண்டர் பறந்தது. மண் வாசனை, அடுத்த நிமிஷம் மண்ணே வாய்க்குள்.

கட்டியிருந்த படகு குதித்தது. உயரமான அலை ஒன்றும் இல்லை, ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும். ஆனால் நெருக்கி நெருக்கி வந்தன. "நம்ம பக்கம் சோழகக் காத்து அடிச்சா அலை நீட்டமா வரும், போட்டு ஏறி இறங்கும். இது மூச்சு விட விடாம குத்துது பாரு" என்றான் நண்பன். காற்று ஓடி வர இடம் கம்மி, அதனால் அலைக்கும் நீளம் கிடையாது. அவனும் படகுக்காரரும் நனைந்துகொண்டே இறங்கிப் போய் இன்னொரு கயிறு போட்டு, படகுக்கும் கல்லுக்கும் நடுவில் பழைய டயரைத் திணித்துவிட்டு வந்தார்கள். அவர்கள் ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை, ஆளுக்கு ஒரு வேலை தானாகப் பிரிந்துகொண்டது.

மழை. நடுவில் இரண்டு நிமிஷம் ஆலங்கட்டி. தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் யாருக்கும் யார் பேச்சும் கேட்கவில்லை. சின்னவள் வெளியே கையை நீட்டிப் பிடித்த ஒரு ஆலங்கட்டியைத் தாத்தா உள்ளங்கையில் வைத்தாள். பட்டாணி அளவு, நடுவில் பால் மாதிரி வெள்ளை. அவர் அதைக் கரையும் வரை வைத்துப் பார்த்தார். கடையில் எங்களோடு மாட்டிக்கொண்டவர்கள் ஒரு பத்துப் பேர். கொளத்தூரில் வளைகாப்புக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம், பட்டுப்புடவையை முழங்காலுக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு பெஞ்சின் மேல் நின்றது. அவர்கள் கொண்டுபோன சீர்த்தட்டில் இருந்து எங்களுக்கு ஆளுக்கு ஒரு அதிரசம் கிடைத்தது. வளையல் போடும் நேரம் தாண்டிவிட்டது என்று ஒரு பாட்டி புலம்பினார். "அவங்க ஊர்லயும்தானே ஆத்தா மழை பெய்யுது, ஒருத்தரும் வந்திருக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

முக்கால் மணி நேரத்தில் மழை நின்றது. பெரியவர் எழுந்து வெளியே போனார், படகுக்காரர் உட்கார்ந்தே இருந்தார். "இடி தள்ளிப் போகட்டுமுங்க. தண்ணி நடுவுல ஒசரமா இருக்கறது நாமதான்." கடைசியாகக் கேட்ட இடிக்குப் பிறகும் இன்னொரு டீ குடித்துவிட்டுத்தான் சாவியை எடுத்தார். அவசரப்பட்டவர்கள் யாரும் இல்லை. அவசரப்பட்டாலும் போக வேறு வழி இல்லை. இந்த மாவட்டத்தில் நான் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்த சாயங்காலம் வேறு ஞாபகத்தில் இல்லை.

திரும்பும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. மழை கழுவிய வானத்தில் பாலமலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தண்ணீரில் பழைய அலையின் மிச்சம் கொஞ்சம் இருந்தது. வளைகாப்புக் குடும்பமும் எங்கள் படகில்தான். பாதி தூரத்தில் படகுக்காரர் நண்பனைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் போய்ச் சுக்கானைப் பிடித்தான். ஒரு மாதமாகக் கரையில் இருந்தவன் முகம் எப்படி ஆனது என்று அவன் மனைவியைத்தான் கேட்க வேண்டும், அது அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மகளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, அவள் கை மேல் தன் கையை வைத்துக்கொண்டான்.

"அந்த ஒத்தப் பனமரம் தெரியுதா? அதையே பாத்து வை. தண்ணியப் பாக்காத."

பெரியவர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "துறைமுகத்துக்குள்ள ஒரு சுத்து சுத்தினா ஒன்னும் ஆயிடாது. பெயின்டு வேல முடியட்டும்" என்றார். காற்றுக்கு எதிராகத்தான் பேசினார், ஆனால் சின்னவளுக்குக் கேட்டுவிட்டது. படகு ஒரு கணம் பனைமரத்தை விட்டு விலகியது.

ஞாயிறு

இன்று எழுதக் கொஞ்சம்தான். காலையில் கடைவீதியில் மாம்பழம். சேலம் குண்டு, மல்கோவா, இமாம்பசந்த் மூன்றிலும் காம்பை முகர்ந்து, விலையில் மல்லுக்கட்டி, தங்கச்சி ஒரு கூடை நிறைத்தது. மீன் ஏலத்தில் நின்று பழகிய வாய்க்கு முன்னால் எங்கள் ஊர் வியாபாரி நிற்கவில்லை. நான் வழக்கமாக வாங்கும் கடைதான். இனி அந்த விலைக்கு எனக்குக் கொடுப்பாரா என்பது சந்தேகம்.

பெரியவர் அணையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் 12க்குத் திறப்பார்களா, திறந்தால் கல்லணைக்கு எத்தனை நாள். மூன்று நாளில் வந்துவிடும் என்றேன். கல்லணை வந்தால் மட்டும் போதாது என்றார். அவர் மைத்துனருக்கு நாகப்பட்டினத்துக்கு உள்ளே கொஞ்சம் வயல் இருக்கிறது, கடைமடை. வாய்க்கால் தூர்வாராமல் கிடந்தால் மேட்டூரில் எவ்வளவு இருந்தும் அங்கே ஈரம்தான் வரும். "நேத்து அவ்வளவு தண்ணி பாத்தேன்னு அவங்கிட்ட சொன்னா நம்ப மாட்டான், நீ எடுத்த போட்டோவ எனக்கு அனுப்பு" என்றார். அனுப்பிவிட்டேன்.

மத்தியான பஸ்ஸில் கிளம்பினார்கள். ஜன்னல் சீட்டைப் பேத்தி பிடித்துக்கொண்டாள், பெரியவர் பையில் எலுமிச்சம்பழம் இரண்டு. மலைப்பாதை எதுவும் வராது என்று சத்தியம் செய்துதான் அனுப்பினேன். அடுத்த வாரம் பூலாம்பட்டிக்கு நான் மட்டும் போகலாம் என்று இருக்கிறேன், அந்தப் பரிசல் துடுப்பை ஒரு கை பார்க்க. போகிறவர்கள் யாராவது இருந்தால் காலை ஏழு மணிப் படகைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வெயிலும் கூட்டமும்தான் மிச்சம்.